இலையின் அழகில் மயங்காதீர்கள்: துணியில் ஈகோ பிரிண்ட் செய்யச் செடி தேர்வும் பக்குவமும், வட சென்னைக்காரர்களுக்கு

இலை, பூக்களைத் துணியில் வைத்துச் சுற்றி, ஆவியில் வேகவைத்து, அவற்றின் வடிவத்தையும் நிறத்தையும் பதிப்பதுதான் ஈகோ பிரிண்ட். அது வெளிறிப்போனால் முதலில் பழி விழுவது ஆவியில் வைத்த நேரத்தின் மேல்தான். ஆனால் தவறு பல சமயம் அதற்கு முன்பே, இலையைப் பறித்த இடத்திலேயே நடந்திருக்கும். துணியில் ஏறி நிற்பது இலையின் பச்சை அல்ல, அதற்குள் இருக்கும் துவர்ப்பு. கொய்யாக் கொழுந்தை மென்றால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதுதான் டானின். டானின் இரும்போடு சேர்ந்தால் சாம்பல், கறுப்பு. படிகாரத்தோடு இலையின் மஞ்சள் நிறமிகள் சேர்ந்தால் மஞ்சள், காக்கி. பச்சையம் துணியில் ஒட்டியதுபோலத் தெரியும், நாலு நாள் வெயிலில் ஓடிவிடும். ஆகவே பார்க்க லட்சணமான இலையைத் தேடாமல், துவர்ப்பு நிறைந்த இலையைத் தேடுங்கள்.

வட சென்னையில் இது சுலபம். காடு மேடு போக வேண்டியதில்லை. ராயபுரம் தெருமுனையில் நிற்கும் பாதாம் மரம், பெரம்பூர் மொட்டைமாடி ரோஜாத் தொட்டி, மாதவரம் பக்கத்து வீட்டு மனைத் தேக்கு, இவை போதும்.

எந்த இலை என்ன தரும்

ஆரம்பிப்பவர்களுக்கு மூன்று இலைகள் போதும்: கொய்யா, ரோஜா, ஆமணக்கு. இவை மூன்றில் கை பழகிய பிறகு மற்றதைத் தொடலாம்.

கொய்யா இலையின் அடிப்பக்கம் நரம்பு புடைத்திருக்கும். அதனால் நரம்புக் கோடுகள்கூடத் தெளிவாக விழும். இரும்போடு அடர் சாம்பல், படிகாரத்தோடு மங்கிய மஞ்சள். முற்றின இலையும் வேண்டாம், கொழுந்தும் வேண்டாம். கிளை நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது ஜோடி இலைகளை எடுங்கள்.

ரோஜா இலை சின்னது, மெல்லியது, துணியோடு படிந்து உட்காரும். பல்பல்லான ஓரம்கூட அப்படியே பதியும். தொட்டிச் செடியை மொட்டையடிக்கத் தேவையில்லை. காம்போடு ரோஜா விற்கும் பூக்கடைகளில் உருவிப்போடும் இலையைக் கேட்டால் தருவார்கள். வாடியதைத் தள்ளிவிட்டு, அன்று காலை உருவியதை மட்டும் வாங்குங்கள்.

ஆமணக்கு தானாக முளைக்கும் செடி. ரயில் பாதை ஓரம், காலி மனை எங்கும் உண்டு. கைவிரல் விரித்ததுபோன்ற வடிவம் ஒரே இலையில் துணியை நிரப்பிவிடும். ஆனால் பறித்த இரண்டு மூன்று மணி நேரத்தில் துவண்டு ஓரம் சுருண்டுவிடும். பறிக்கும்போதே ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வாருங்கள். இதன் விதை கொடிய நஞ்சு. காய்க்குலையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், குழந்தைகள் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

பாதாம் மரம் என்று நாம் சொல்லும் நாட்டு வாதுமை, இந்த ஊரின் தனிச் சொத்து. டானின் ஏராளம். ஆண்டுக்கு இரண்டு முறை இலை சிவந்து உதிரும். அப்போது தெருவில் கிடப்பதைப் பொறுக்கினாலே போதும். பச்சை இலை தடித்தது, நடு நரம்பு மேடு. அதைச் சீவாமல் வைத்தால் சுற்றிலும் துணி ஒட்டாது. சிவந்து உதிர்ந்த இலை ஊறவைத்தபின் மெத்தென்று ஆகி நன்றாகப் படியும். பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் ஒதுக்காதீர்கள். அந்த ஓட்டைகள்தான் துணியில் அழகாக இருக்கும்.

தேக்கில் இளம் இலைதான் சரக்கு. உள்ளங்கையில் கசக்கினால் ரத்தம்போலச் சிவக்கும். சிவக்கவில்லை என்றால் முற்றிவிட்டது என்று பொருள். துணியில் ஊதாவும் செம்பழுப்பும் வரும். முழு இலை மிகப் பெரியது. ஒரு சாண் நீளத்துக்கு உட்பட்ட இலையையே எடுங்கள். கோடையில் தேக்கு மொட்டையாக நிற்கும், மழைக்குப் பின் தளிர்க்கும். அதற்குத் தக்கபடி திட்டமிடுங்கள்.

தைல மர இலை பட்டிலும் கம்பளியிலும் படிகாரமே இல்லாமல் ஆரஞ்சு தரும். அதையே பருத்தியில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பருத்தியில் சுமாராகத்தான் வரும், அதற்கும் நீண்ட நேரம் ஆவி வேண்டும்.

பூ வகையில் செண்டுமல்லி நம்பத்தக்கது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தெருவெல்லாம் கிடக்கும். இதழைப் பிய்த்துத் தூவினால் படிகாரத் துணியில் நல்ல மஞ்சள், இரும்பு பட்டால் ஆலிவ் பச்சை. வெங்காயத் தோல் ஆரஞ்சும் பழுப்பும் தரும். மண்டித் தெருக்களில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை.

செம்பருத்தி, சங்குப்பூ, பீட்ரூட், மஞ்சள் ஆகியவற்றைத் தவிர்க்கலாம். சங்குப்பூவின் நீலம் சோப்பு பட்டால் நிறம் மாறும், வெயில் பட்டால் போய்விடும். மஞ்சளும் வெயில் தாங்காது. ஒரு வாரம் மட்டும் நிலைக்கும் அழகுக்கு நூறு கிராம் பருத்தியை வீணாக்குவானேன்?

பூவரசு, அரசு இலைகளின் வடிவம் யாரையும் ஆசைப்பட வைக்கும். வடிவத்தை நம்பிச் சேலையில் வைக்காதீர்கள், கீழே சொல்லும் சோதனையைச் செய்துவிட்டு வையுங்கள். மாவிலை மெழுகுப் படலம் கொண்டது, கூடுதல் வேலை வாங்கும்.

எங்கே பறிக்கக் கூடாது

மணலி, எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் இலைமேல் சாம்பல் தூசி படிந்திருக்கும். ஜி.என்.டி. ரோடு ஓரத்து மரங்களில் லாரிப் புகைக் கரி. தூசி இலைக்கும் துணிக்கும் நடுவே தடுப்பாக நின்று வெள்ளைப் புள்ளிகளாக விழும். கழுவினால் போய்விடும் என்பதால் இவற்றை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு அப்படியல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவிய எண்ணூர் கழிமுகக் கரை, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைச் செடிகளை விட்டுவிடுங்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சுற்றியும் வேண்டாம். நாம் இதைக் கையால் கசக்குகிறோம், அதன் ஆவியை மூக்கருகே வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

அரளி, ஊமத்தை, எருக்கு எதுவும் வீட்டுக்கு வரக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பார்த்தீனியம் பலருக்குத் தோல் அரிப்பைக் கிளப்பும்.

கோயில் மரங்களில் கை வைக்காதீர்கள். திருவொற்றியூர் மகிழ மரத்தடியில் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியமே என்ன பாடுபட்டது என்று ஊருக்குத் தெரியும், நீங்கள் வேறு போய் இலை பறிக்க வேண்டாம். மின்கம்பிக்காகக் கிளை வெட்டும் நாளும், புயலுக்கு மறுநாளும் தெருவில் வேண்டிய அளவு இலை கிடக்கும்.

துணியில் வைக்கும் முன் இரண்டு சோதனைகள்

முதலாவது இரும்புச் சோதனை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேளுங்கள். நர்சரிகளில் இதையே பெரஸ் சல்பேட் என்று உரமாக விற்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து இலையைக் கிள்ளிப்போட்டு அரை டம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வெள்ளைத் தட்டில் ஊற்றி, இரும்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உடனே நீலக் கறுப்பாகவோ பச்சைக் கறுப்பாகவோ மாறினால் இலை தேறியது. நிறம் அப்படியே இருந்தால் அதில் டானின் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் பால் கலக்காத டீ டிகாஷனை வைத்து அதிலும் சொட்டு விடுங்கள். அதன் கறுப்போடு போட்டி போடும் இலை முதல் தரம்.

இரண்டாவது துண்டுச் சோதனை. நிஜத் துணிக்குச் செய்யும் அதே பக்குவம் (கீழே வருகிறது) செய்த துணியில் ஆறு அங்குலத் துண்டு வெட்டி, ஒரே செடியின் மூன்று இலைகளை வையுங்கள். ஒன்று அப்படியே, ஒன்று இரும்பில் தோய்த்தது, ஒன்று தலைகீழாகத் திருப்பியது. சின்னக் குச்சியில் சுற்றிக் கட்டி 45 நிமிடம் ஆவியில் வையுங்கள். செடியின் பெயர், பறித்த மாதம், இடம் மூன்றையும் அழியாத மார்க்கரால் ஓரத்தில் எழுதிவையுங்கள். மாதம் முக்கியம். ஒரே மரம் கத்திரி வெயிலிலும் கார்த்திகை மழையிலும் ஒரே நிறம் தராது.

இலைப் பக்குவம்

வேலையில் பாதி இதுதான். அவசரப்பட்டால் இங்கேதான் கெடும்.

காலையில் பனி உலர்ந்தபின் பறியுங்கள். வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடலோர இலை என்றால் உப்பு போக இரண்டு முறை அலசுங்கள்.

தடித்த நரம்பைப் பிளேடால் அடிப்பக்கமாகச் சீவுங்கள். முழுதும் அறுத்துவிடக் கூடாது, மேட்டைத் தட்டையாக்கினால் போதும். பிறகு பழைய துணிக்கு நடுவே வைத்துச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டுங்கள். சாறு வெளியே வரும் அளவுக்கு நசுக்கினால் ஓரம் கலங்கிவிடும்.

மாவிலை, முற்றின பாதாம் போன்ற மெழுகு இலைகளை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் படலம் இளகும். அதற்குமேல் விட்டால் நிறமும் தண்ணீரோடு போய்விடும்.

உதிர்ந்த, காய்ந்த இலைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்க்கலாம். ஊறிய தண்ணீர் பழுப்பாக இருக்கும். கொட்டாதீர்கள், அதில் டானின் இறங்கியிருக்கிறது, துணியை முதலில் நனைக்க உதவும்.

அடுத்தது இரும்புக் குளியல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் அன்னபேதி, ஒரு மேசைக்கரண்டி வினிகர். ரோஜாவைவிட மெல்லிய இலைக்கு ஐந்து நிமிடம், ரோஜா போன்றவற்றுக்குப் பத்து, தடித்ததற்கு அரை மணி முதல் ஒரு மணி வரை. எடுத்ததும் பழைய வேட்டித் துண்டில் இரண்டு பக்கமும் ஒற்றி ஈரத்தை நீக்குங்கள். ஒற்றாமல் வைப்பதால்தான் பலருக்கு இலை ஓரம் கறுத்து வழிந்து, மை கொட்டியதுபோல ஆகிறது. தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பாத்திரங்கள் எதுவும் மறுபடி சமையலுக்கு ஆகாது.

துணியும் தண்ணீரும்

காடா துணியோ வெள்ளை மல்மல்லோ வாங்குங்கள். எம்.சி. ரோட்டிலும் சவுகார்பேட்டைத் துணிக்கடைகளிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். "ப்யூர் காட்டன்ணா" என்று கடைக்காரர் சொன்னாலும் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் மெல்லிய சாம்பலும் பருத்திக்கு. உருகி மணிபோலக் கட்டியானால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது, சாயம் பிடிக்காது.

லிட்டருக்கு என்று சொல்லாத எல்லா அளவும் காய்ந்த துணியின் எடைக்குத்தான், எனவே சமையலறைத் தராசில் எடை போடுங்கள். 100 கிராம் பருத்திக்கு 5 கிராம் சலவைச் சோடா, கொஞ்சம் சோப்புத் தூள், துணி நீந்தும் அளவு தண்ணீர், ஒரு மணி நேரம் கொதி. எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும், சோடா அலுமினியத்தை அரிக்கும். தண்ணீர் டீ நிறத்தில் மாறும், அவ்வளவும் துணியில் இருந்த மெழுகும் கஞ்சியும். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்துப்போல நின்றால் மறுபடி கொதிக்கவையுங்கள். பட்டுக்குச் சோடா ஆகாது. மிதமான சோப்பில் வெதுவெதுப்பான அலசல் போதும்.

கடலோரத்து போர் தண்ணீரில் உப்பும் இரும்பும் இருக்கலாம். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போடுங்கள். சாம்பல் நிறமாகக் கறுத்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, உங்கள் மஞ்சள் எல்லாம் அழுக்காகத்தான் வரும். படிகாரம் கரைக்கவும் கடைசி அலசலுக்கும் மட்டுமாவது கேன் தண்ணீரோ மாடியில் பிடித்த மழைத்தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

படிகாரமா, கடுக்காயா

பின்னணி வெளுப்பாக வேண்டுமா, கறுப்பாக வேண்டுமா என்பதை இங்கேயே முடிவு செய்ய வேண்டும். பின்னால் மாற்ற முடியாது.

வெளுப்பு வேண்டுமானால் படிகாரம் மட்டும். 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, 2 கிராம் சலவைச் சோடாவைத் தனியே கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரமாக இருக்கட்டும். நுரை அடங்கியபின் துணியைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். பிழிந்து காயவைத்து, வைக்கும் முன் லேசாக அலசுங்கள். இதில் இரும்பில் தோய்த்து ஒற்றிய இலைகளை வையுங்கள்.

அடர்ந்த பின்னணி வேண்டுமானால் கடுக்காய். 100 கிராம் துணிக்கு 15 முதல் 20 கிராம் தூளை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, அதில் துணியை இரவு முழுக்க வையுங்கள். பின் படிகாரம் மேலே சொன்னபடி. இலையை இரும்பில் தோய்க்காமல் வைத்து, இரும்புப் போர்வையை மேலே விரிப்பீர்கள்: பழைய பருத்தித் துணியை லிட்டருக்கு 4 கிராம் அன்னபேதித் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்தது. துணி முழுதும் டானின் இருப்பதால் முழுதும் கறுக்கும், இலை மூடிய இடத்தில் அதன் வடிவம் வேறு நிறத்தில் தெரியும். கடுக்காய்த் துணியில் வெள்ளைப் பின்னணியை எதிர்பார்த்து இரும்பு போடுவதுதான் ஆரம்பக்காரர்களின் வழக்கமான குழப்பம்.

கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்ப்பது இரும்புக் கறுப்பு பரவாமல் நிற்பதற்குத்தான். இந்தக் கரையின் பழைய சிவப்புத் துணிகள்கூட, சிவப்புச் சாயம் தரும் சாயவேரும் படிகாரமும் சேர்ந்த கைவேலைதான். வீட்டில் ஒரு பங்கு பாலுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து கடைசியாகத் தோய்த்துக் காயவைத்தால் கோடுகள் கூர்மையாகும். சென்னை வெக்கையில் பால் சீக்கிரம் திரியும். காலையில் கலந்து உச்சிக்கு முன் முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாமல் நாறும், அந்த மாதங்களில் பாலை விடுங்கள்.

சுற்றுவதும் ஆவியும்

ஈரத் துணியை விரித்து, இலையின் நரம்பு புடைத்த அடிப்பக்கம் துணியைத் தொடும்படி வையுங்கள். கடுக்காய் முறை என்றால் மேலே இரும்புப் போர்வை. எந்த முறையானாலும் எல்லாவற்றுக்கும் மேலே தடித்த பாலித்தீன் தாள். தாள் இல்லையென்றால் அடுத்த சுற்றில் இலைகளின் மங்கிய நிழல் எதிர்ப்பக்கம் விழும். மூங்கில் அல்லது எவர்சில்வர் குழாயில் இறுகச் சுற்றி, விரல் நுழையாதபடி சணலால் கட்டுங்கள். பிவிசி பைப் ஆவியில் நெளிந்துவிடும்.

பழைய இட்லிக் குண்டானில் தட்டுக்கு மேல் வைத்து, பருத்திக்கு 90 நிமிடம், தைல இலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அடியில் ஒரு ரூபாய் நாணயம் போட்டு வையுங்கள். அதன் சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது. ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆறும்வரை பிரிக்காதீர்கள், இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது.

சரியாக வரவில்லையா

நடு நரம்பு மட்டும் பதிந்து இலைப்பரப்பு வெறுமையாக இருந்தால் நரம்பைச் சீவவில்லை, அல்லது கட்டு தளர்வு. எல்லாம் மங்கலாக இருந்தால் துணி சரியாக வேகவில்லை. மஞ்சள் வர வேண்டிய இடமெல்லாம் சாம்பல் என்றால் இரும்பு அதிகம் அல்லது தண்ணீரில் இரும்பு. வெள்ளைப் புள்ளிகள் தூசி. சில மாதத்தில் பட்டு இழை இற்றுப்போனாலும் குற்றவாளி கூடுதல் இரும்புதான், பட்டுக்கு மேலே சொன்ன இரும்பு அளவில் பாதி போதும்.

பிரித்த துணியை நிழலில் காயவைத்து ஒரு வாரம் கழித்து முதல் அலசல். பூந்திக்கொட்டை அல்லது மிதமான சோப்பு. எலுமிச்சை, புளி, வினிகர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புக் கறுப்பை அமிலம் கரைத்துவிடும், ரசம் சிந்திய இடத்தில் இலை காணாமல் போகும்.

மழைக்காலத்துக்கு இலை சேர்க்க நினைப்பவர்கள், கழுவித் துடைத்த இலையைச் செய்தித்தாளுக்கு நடுவே அடுக்கி மேலே கனம் வையுங்கள். முதல் மூன்று நாள் தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்ததும் டப்பாவில் போட்டு, செடியின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். கொய்யா, ரோஜா, பாதாம் இப்படி மாதக்கணக்கில் தாங்கும். ஆமணக்கு நொறுங்கிவிடும், அதை மட்டும் அவ்வப்போது பறித்துக்கொள்ளுங்கள்.